முதல் ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போகிறீர்களா? மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் இப்படிச் சரிசெய்யுங்கள்

ஆய்வு நன்றாக இருந்தும், ரெஃபரன்ஸ் பட்டியல் விதிப்படி இல்லை என்று கட்டுரை ரெவ்யூவர் கைக்கே போகாமல் திரும்பி வருவது உண்டு. என் முதல் கட்டுரைக்கு அதுதான் நடந்தது. பட்டியலை அடியிலிருந்து திரும்பச் செய்தபோது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் வேலூரை அடுத்த சேர்க்காட்டில், திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவராக இருக்கலாம், ஓட்டேரியில் கலைக் கல்லூரியில் படிப்பவராக இருக்கலாம், சி.எம்.சி.யில் நர்சிங் ஆய்வு செய்பவராகவோ வி.ஐ.டி.யில் பொறியியல் ஆய்வு செய்பவராகவோ இருக்கலாம். துறை எதுவானாலும் இந்த வேலையின் வரிசை ஒன்றுதான்.

கையில் இருக்க வேண்டியவை: கட்டுரையின் வேர்ட் கோப்பு, நீங்கள் படித்த ஒவ்வொரு மூலத்தின் பி.டி.எஃப். அல்லது முதல் பக்கங்களின் போட்டோ, இணைய வசதியுள்ள கணினி. பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. நேரம்தான் செலவு. 40 ரெஃபரன்ஸ் உள்ள கட்டுரைக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். அனுப்ப வேண்டிய தேதிக்கு முந்தைய இரவில் இதைத் தொடங்க வேண்டாம்.

1. ஜர்னலின் விதிப்பக்கத்தை முதலில் படியுங்கள்

ஒவ்வொரு ஆய்விதழின் தளத்திலும் கட்டுரையாளர்களுக்கான விதிகள் என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்து ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மேற்கோள் பாணி, அதன் எத்தனையாவது பதிப்பு, உரைக்குள் எண்ணா, ஆசிரியர் பெயரும் ஆண்டுமா, எண் என்றால் அடைப்புக்குள்ளா, மேலெழுத்தாகவா, எத்தனை ஆசிரியர் வரை பெயர் எழுத வேண்டும், ஜர்னல் பெயர் முழுமையாகவா, சுருக்கமாகவா, டி.ஓ.ஐ. (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) கட்டாயமா, ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா.

அதோடு அதே ஜர்னலில் சமீபத்தில் வந்த கட்டுரை ஒன்றை இறக்கி அதன் பட்டியலையும் பாருங்கள். விதிப்பக்கத்தில் ஒன்றும் அச்சில் வேறொன்றும் இருந்தால் விதிப்பக்கத்தையே பின்பற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஜர்னல் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான யூ.ஜி.சி.-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதன் பெயரைச் சொல்லி, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், ரெஃபரன்ஸையும் நாங்களே போட்டுத்தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை நம்ப வேண்டாம். எந்த ஜர்னல் செல்லும் என்பதை உங்கள் கைடிடமும் பல்கலைக்கழகத்தின் நடப்பு விதியிலும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

2. பாணிகளின் வித்தியாசத்தைக் கண்ணால் பாருங்கள்

பொதுவாக மருத்துவத்தில் வான்கூவர், பொறியியலில் ஐ.இ.இ.இ., சமூக அறிவியல், கல்வியியல், உளவியலில் ஏ.பி.ஏ. என்று வழக்கம். நம் வட ஆற்காட்டுக்காரரான மு.வ.வின் ஒரு நூலை மூன்று பாணியிலும் எழுதிப் பார்க்கலாம்.

ஏ.பி.ஏ. 7-ஆம் பதிப்பு: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

வான்கூவர்: வரதராசன் மு. தமிழ் இலக்கிய வரலாறு. புது தில்லி: சாகித்திய அகாதெமி; 1972.

ஐ.இ.இ.இ.: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு. புது தில்லி, இந்தியா: சாகித்திய அகாதெமி, 1972.

முதல் பாணியில் வெளியீட்டு ஊர் இல்லை. 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. இரண்டாவதில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே காற்புள்ளியோ, இனிஷியலுக்கென்று புள்ளியோ கிடையாது; ‘மு’வுக்குப் பின் இருப்பது ஆசிரியர் பகுதி முடிந்ததைக் காட்டும் புள்ளி. மூன்றாவதில் இனிஷியல் முன்னால் வந்துவிட்டது. ஏ.பி.ஏ.விலும் ஐ.இ.இ.இ.யிலும் நூற்பெயர் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும்.

ஆசிரியர் எண்ணிக்கையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏ.பி.ஏ. 7-இல் பட்டியலில் 20 பேர் வரை எல்லாப் பெயரும் வர வேண்டும். 21 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் முதல் 19 பெயர், மூன்று புள்ளி, கடைசிப் பெயர். ஆனால் உரைக்குள் 3 பேர் இருந்தாலே முதல் ஆசிரியர் பெயரோடு ‘மற்றும் பிறர்’ என்பதன் சுருக்கம் (et al.) போதும். வான்கூவர் கேட்கும் மருத்துவ இதழ்கள் பல, முதல் 6 பெயருக்குப் பிறகு அந்தச் சுருக்கத்தைப் போடச் சொல்கின்றன. ‘ஹார்வர்டு பாணி’ என்று மட்டும் ஒரு ஜர்னல் சொன்னால், அதற்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஜர்னலின் மாதிரிகளைத்தான் எழுத்துக்கு எழுத்து பார்த்துச் செய்ய வேண்டும்.

3. கையால் தட்டாதீர்கள், ஒரு மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து, கேட்ட பாணியில் அடுக்கித்தரும் மென்பொருள்களில் ஜோடெரோ இலவசம். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் கூகுள் டாக்ஸிலும் வேலை செய்யும். மெண்டலியும் இலவசம்தான். எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. உங்கள் நிறுவனம் வாங்கி வைத்திருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சொந்தப் பணத்தைப் போட வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஜோடெரோவைத்தான் சொல்வேன். அதன் இணையச் சேமிப்பில் 300 எம்.பி. இலவசம். பி.டி.எஃப். சேரச் சேர அது நிரம்பிவிடும். அப்போது பணம் கட்டத் தேவையில்லை. கோப்புகளை ஒத்திசைப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, பி.டி.எஃப்.களை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டால் பதிவுகள் தொடர்ந்து ஒத்திசைந்துகொண்டே இருக்கும்.

மென்பொருளை நிறுவியதும் பிரவுசருக்கான இணைப்பையும் சேர்த்துப் போடுங்கள். கட்டுரைப் பக்கத்தைத் திறந்து அந்தப் பொத்தானை அழுத்தினால் விவரங்கள் தானாக வந்து விழும். டி.ஓ.ஐ. எண், அதாவது 10 என்று தொடங்கி நடுவில் சாய்கோடு வரும் அடையாள எண், கையில் இருந்தால் அதைக் கொடுத்தும் பதிவை வரவழைக்கலாம். கூகுள் ஸ்காலரில் ‘மேற்கோள்’ பொத்தானை அழுத்தி வரும் வரியை அப்படியே ஒட்டுவதுதான் பலரும் செய்வது. அந்த வரியில் டி.ஓ.ஐ. இருக்காது. ஜர்னலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் எடுங்கள்.

மூலக் கட்டுரை கிடைக்கவில்லையா? அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. லாகின் விவரத்தைக் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள் கட்டுரை ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம், பலர் அனுப்பிவைப்பார்கள். இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது.

4. வந்து விழுந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்

என் கணக்கில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். மென்பொருள் அடுக்கித்தரும், அவ்வளவுதான். உள்ளே தப்பு இருந்தால் அந்தத் தப்பை அழகாக அடுக்கித்தரும். ஒரு பக்கம் பி.டி.எஃப்.பின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபக்கம் பதிவை ஒப்பிடுங்கள்.

பெயர்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. மென்பொருளோ கடைசியில் வருவதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ‘முருகன் எஸ்.’ என்று அச்சாகியிருந்தால் ‘எஸ்.’ என்பதே குடும்பப் பெயராகப் பதிவாகி, அகரவரிசையில் அந்த ஆள் வேறு எங்கோ போய்விடுவார். முருகனைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் ‘எஸ்.’ஸை முதற்பெயர்க் கட்டத்திலும் மாற்றிப் போடுங்கள். அதே நேரம், ஒருவர் தன் அப்பா பெயரை விரித்து ‘முருகன் சுப்பிரமணியன்’ என்று வெளியிட்டு, ஜர்னலும் சுப்பிரமணியனைக் குடும்பப் பெயராக எடுத்திருந்தால் அப்படியே விடுங்கள். வெளியானபடி எழுதினால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும். முனைவர், பேராசிரியர், டாக்டர் போன்ற பட்டங்களை எடுத்துவிடுங்கள். அரசுத் துறை, நிறுவனப் பெயர்களை ஒற்றைக் கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் சுகாதாரத் துறை ‘துறை, சு.’ என்று வந்து நிற்கும்.

உங்கள் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் கட்டுரையில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே கடைசி வரை எழுதுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இலவசமாகக் கிடைக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டால் ஒரே பெயரில் பலர் இருக்கும் குழப்பம் உங்களைத் தொடாது.

தலைப்பு. ஆங்கிலக் கட்டுரைத் தலைப்பில் முதல் சொல், துணைத்தலைப்பின் முதல் சொல், சிறப்புப் பெயர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பெரிய எழுத்து என்பது ஏ.பி.ஏ. விதி. ஜர்னல் பெயருக்கு இது பொருந்தாது. ஜோடெரோவில் தலைப்பின் மேல் வலது சொடுக்கு போட்டால் மாற்றும் வசதி வரும். மாற்றிய பின் வேலூர், பாலாறு போன்ற பெயர்களின் முதலெழுத்து சிறிதாகிவிட்டதா என்று திரும்பிப் பாருங்கள்.

ஆண்டு. இணையத்தில் முன்கூட்டியே வெளியான ஆண்டும், இதழில் தொகுதி எண்ணோடு வந்த ஆண்டும் வேறாக இருக்கலாம். இறுதி வடிவம் வந்துவிட்டால் அந்த ஆண்டையும் தொகுதியையும் போடுங்கள். புத்தகம் என்றால் உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டுதான். மறுபதிப்பைப் படித்துவிட்டு முதற்பதிப்பின் ஆண்டைப் போட்டால் நீங்கள் கொடுக்கும் பக்க எண் பொருந்தாமல் போகும்.

பக்கம். ஏ.பி.ஏ.வில் 284–287 என்று முழுதாக வரும். வான்கூவரில் 284-7 என்று சுருங்கும். புது இதழ்கள் பலவற்றில் பக்க எண்ணே இல்லை, கட்டுரை எண்தான். அதைப் போடாமல் பி.டி.எஃப்.பின் 1 முதல் 12 வரை என்று போடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. ஜர்னல் பெயரின் சுருக்கத்தை நீங்களாக உருவாக்காதீர்கள். மருத்துவ இதழ் என்றால் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் தேடி எடுங்கள்.

5. நம் மாவட்டச் சான்றுகளை எழுதும் விதம்

வட ஆற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது; மீதிப் பகுதியே பிறகு வேலூர் மாவட்டம் என்றானது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஆக, ஒரு நூலின் தலைப்பில் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் பட்டியலில் அதை ‘வேலூர்’ என்று மாற்றக் கூடாது. வெளியீட்டு ஊர் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால், ஊர் கேட்கும் பாணியில் மெட்ராஸ் என்றே வரும். எல்லை மாறிய விளக்கத்தைக் கட்டுரையின் உரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் வெறுமனே ‘சென்சஸ் 2011’ என்று எழுதி விட்டுவிடாதீர்கள். மாவட்டக் கையேடு, வேலூர், அதில் எந்தப் பகுதி என்று முழுதாக வேண்டும். கிராம, நகர விவரத் தொகுப்பு 12-ஏ, முதன்மைச் சுருக்கம் 12-பி. அந்த வேலூர் இன்றைய மூன்று மாவட்டங்களும் சேர்ந்தது என்பதையும் உரையில் சொல்லுங்கள். இல்லையென்றால் ரெவ்யூவர் உங்கள் எண்ணை இன்றைய வேலூரோடு ஒப்பிட்டுத் தப்பு என்பார்.

ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டுக்கு (மேனுவல்) ஆர்தர் காக்ஸ் தொகுத்த 1881 பதிப்பும் உண்டு, ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி 1890-களில் இரண்டு தொகுதிகளாக வந்த பதிப்பும் உண்டு. எதைப் படித்தீர்களோ அதைத்தான் எழுத வேண்டும். திருத்தியவர் பெயரும் தொகுதி எண்ணும் விட்டுப்போகக் கூடாது. கல்வெட்டு என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் தொகுதி எண், கல்வெட்டு எண் இரண்டும் வேண்டும். பக்க எண் மட்டும் போதாது.

தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி எழுதும் எல்லோரும் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அதன் வடிவம் (1996) 5 எஸ்.சி.சி. 647. எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் வரிசை. இதில் 5 என்பது தொகுதி, 647 என்பது தீர்ப்பு தொடங்கும் பக்கம். அதை வழக்கு எண் என்று நினைத்து எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். செய்தித்தாளில் படித்துவிட்டுத் தீர்ப்பை மேற்கோள் காட்டாதீர்கள். தீர்ப்பைத் திறந்து பத்தி எண்ணோடு கொடுங்கள்.

குடியாத்தத்தில் நெசவாளர்களிடமோ வாணியம்பாடியில் தோல் தொழிலாளர்களிடமோ எடுத்த பேட்டி உங்கள் ஆய்வின் தரவு. ஏ.பி.ஏ.வில் அது துணைநூற்பட்டியலில் வராது. பேட்டி எடுத்த முறையை ஆய்வுமுறைப் பகுதியில் விளக்கி, பெயர் வெளியே தெரியாதபடி மேற்கோள் காட்டுங்கள்.

6. ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூல்

ஏ.பி.ஏ.வில் ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, தலைப்பை அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். ஒலிபெயர்ப்புக்கு ஒரே முறையைக் கடைசி வரை கடைப்பிடியுங்கள். ஒரு பதிவில் ழகரத்துக்கு ஒரு எழுத்தும் அடுத்த பதிவில் வேறொன்றும் வரக் கூடாது.

தமிழிலேயே கட்டுரை எழுதுகிறவர்களுக்கு எழுத்துருதான் தடை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை ஜோடெரோ தமிழாகவே பார்க்காது. எல்லாவற்றையும் யூனிகோடில் வையுங்கள். ஜர்னல் பழைய எழுத்துரு கேட்டால் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நகலை மட்டும் மாற்றி, மாற்றியதை வரிவரியாகப் படியுங்கள்.

7. எழுதும்போதே மேற்கோளைச் செருகுங்கள்

வாக்கியம் முடிந்த கையோடு வேர்டிலிருந்தே மேற்கோளைச் செருகிவிடுங்கள். ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்ட இடம் பிறகு கிடைக்காது. எண் பாணியில் பத்தியை முன்பின் நகர்த்தினால் எண்கள் தானாக மாறும். கையால் எண் போட்டவர் எல்லாவற்றையும் திரும்ப எண்ண வேண்டும். சொல்லுக்குச் சொல் எடுத்தால் பக்க எண் கட்டாயம். ஏ.பி.ஏ.வில் 40 சொல் அல்லது அதற்கு மேல் போனால் மேற்கோள்குறி இல்லாமல் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுத வேண்டும்.

நீங்கள் படிக்காத மூலத்தைப் படித்ததுபோல் காட்டாதீர்கள். பசுமைப் புரட்சியால் வட ஆற்காட்டில் வந்த மாற்றத்தைப் பற்றி ஹேசலும் ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் இன்னொருவர் கட்டுரை வழியாகத்தான் அறிகிறார்கள். முடிந்தவரை மூலத்தைத் தேடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், யார் வழியாகப் படித்தீர்களோ அவரைப் பட்டியலில் போட்டு, உரையில் ‘இன்னார் மேற்கோள் காட்டியபடி’ என்று எழுதுங்கள்.

ஏ.ஐ. கருவியிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான ஜர்னல் பெயர், இல்லாத கட்டுரை என்று கலந்து தந்துவிடும். இப்படி ஒன்று பட்டியலில் சிக்கினால் உங்கள் ஆய்வின் மீதே நம்பிக்கை போய்விடும்.

கோப்பை டி.டி.பி. சென்டரில் கொடுக்கும்போது, மேற்கோள்கள் உயிருள்ள இணைப்புகள், அவற்றைத் திரும்பத் தட்ட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். வேறு கணினியில், வேறு வடிவத்தில் சேமித்தால் இணைப்பு அறுந்துவிடலாம். மூலக் கோப்பு எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். கைடிடம் திருத்தத்துக்கு அனுப்புவதும் நகலாகவே இருக்கட்டும்.

8. அனுப்பும் முன் கடைசி நாள்

இருபக்கமும் ஒப்பிடுங்கள். உரையில் வந்த ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உரையில் வருகிறதா? அச்செடுத்துப் பேனாவால் டிக் அடிப்பது திரையில் பார்ப்பதைவிட வேகமாக முடியும். அப்புறம் ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் சொடுக்குங்கள், அதே கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் பக்கத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு இருந்தால் அதை நீக்கிவிட்டு வேறு சான்று தேடுங்கள். ஜோடெரோவும் அப்படிப்பட்ட பதிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளின் எண், அந்த அட்டவணையை உரையில் முதலில் சொன்ன இடத்தின் வரிசைப்படி வர வேண்டும் என்பது மருத்துவ இதழ்களின் வழக்கம். மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது.

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமைச் சோதனை அறிக்கை எடுக்கும்போது துணைநூற்பட்டியலை விலக்கி எடுக்கச் சொல்லுங்கள். யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறை அப்படி விலக்க இடம் தருகிறது, 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்றும் சொல்கிறது. பட்டியலையும் சேர்த்து எடுத்த அறிக்கையைப் பார்த்துப் பதறி, நல்ல வாக்கியங்களைச் சிதைக்காதீர்கள்.

எல்லாம் சரி என்றானதும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் மேற்கோள் இணைப்புகளைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கி அனுப்புங்கள். இணைப்புள்ள மூலக் கோப்பு திருத்தம் கேட்டு வரும்போது தேவைப்படும். அப்போது ரெவ்யூவர் சேர்க்கச் சொல்லும் கட்டுரைகளையும் படித்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் சேருங்கள். பொருந்தாததற்குக் காரணத்தைப் பதில் கடிதத்தில் எழுதலாம்.

கட்டுரை ஏற்கப்பட்டபின் ப்ரூஃப், அதாவது வெளியிடும் முன் சரிபார்க்கத் தரும் அச்சுக்கோத்த படி வரும். பல ஜர்னல்கள் 48 மணி நேரத்தில் பதில் கேட்கும். ‘ரெஃபரன்ஸ் 14-இல் தொகுதி எண் இல்லை’ என்பதுபோன்ற கேள்விகள் ஓரத்தில் இருக்கும். மூலங்களின் பி.டி.எஃப். ஒரே ஃபோல்டரில் இருந்தால் ஒரு மாலையில் பதில் எழுதிவிடலாம். அந்தக் கட்டத்தில் புது ரெஃபரன்ஸ் எதையும் சேர்க்காதீர்கள். எண் பாணியில் ஒன்று நுழைந்தால் அதற்குப் பின் உள்ள எல்லா எண்ணும் மாறும், அச்சுக்கோத்த பக்கமும் திரும்ப அமைக்க வேண்டிவரும்.